சிடி, டிவிடி காப்பி ஆகுறது எப்படி? அச்சடிச்ச தட்டும் ரைட் பண்ண தட்டும்

"அண்ணே, இந்த சிடிய ஒரு காப்பி போட்டுக் குடுங்க"ன்னு கடைல குடுத்தா பத்து நிமிஷத்துல கைல இன்னொரு தட்டு வந்துரும். ஒரு ஆடியோ கம்பெனி படப் பாட்ட ஆயிரக்கணக்குல சிடியா போட்டு வெளிய விட்டப்பவும் அதுவும் காப்பிதான், ஆனா அங்க நடந்த வேலைக்கும் கடைக்காரர் செஞ்ச வேலைக்கும் சம்பந்தமே கிடையாது. ரெண்டு தட்டும் பாக்க ஒண்ணு போல இருக்கும், ப்ளேயர்ல போட்டா ரெண்டும் பாடும், உள்ள இருக்கற உடம்புதான் வேற. இது புரிஞ்சா உங்க வீட்டு பீரோல கிடக்கற கல்யாண டிவிடி, காதுகுத்து டிவிடி எல்லாத்தையும் ஏன் சீக்கிரமா காப்பி எடுத்து வைக்கணும்னு தானா புரிஞ்சிரும், நான் இத எழுதறதே அதுக்காகத்தான்.

முதல்ல தட்டப் பத்தி கொஞ்சம். சிடின்றது 12 செமீ அகலம், 1.2 மிமீ தடிமன் உள்ள ஒரு பாலிகார்பனேட் பிளாஸ்டிக் வட்டம். அதுல நடுவுல ஆரம்பிச்சு வெளி ஓரம் வரைக்கும் ஒரே ஒரு கோடு சுருள் சுருளா போகுது. ஒரு சுத்துக்கும் அடுத்த சுத்துக்கும் நடுவுல 1.6 மைக்ரான் இடைவெளிதான், அதாவது ஒரு தலைமுடி தடிமனுக்குள்ள சுமாரா 40 சுத்து அடங்கிரும், மொத்தக் கோட்டையும் பிரிச்சு நீட்டினா அஞ்சு கிலோமீட்டருக்கு மேல வரும். இந்தக் கோட்டுல குட்டி குட்டியா பள்ளங்க இருக்கு, சிலது நீளம் சிலது குட்டை. ப்ளேயர்ல இருக்கற லேசர் கீழ இருந்து ஒளிய அடிக்குது, சமதளமான இடத்துல பட்டா ஒளி நல்லா திரும்பி வருது, பள்ளத்துல பட்டா மங்கலா வருது. ஒளி மாறற இடம் எல்லாம் 1, மாறாம ஓடற தூரம் எல்லாம் 0. பாட்டு, படம், எக்ஸெல் ஷீட் எதுவா இருந்தாலும் தட்டுல இருக்கறது இந்தப் பிரகாசம் மங்கல் பிரகாசம் மங்கல் மட்டும்தான்.

ஒரு விஷயம் இங்கயே சொல்லிடறேன், நிறைய பேர் தட்டோட கீழ்ப்பக்கம் கீறல் விழக்கூடாதுன்னு பாத்து பாத்து வச்சிட்டு மேல லேபிள் பக்கத்துல பால்பாயிண்ட் பேனாவால அழுத்தி பேர் எழுதுவாங்க. சிடில டேட்டா இருக்கற லேயர் அந்த லேபிளுக்கு நேர் கீழதான் இருக்கு, மேல மெல்லிசா ஒரு லேக்கர் பூச்சு மட்டும்தான் பாதுகாப்பு. கீழ இருக்கற 1.2 மிமீ பிளாஸ்டிக்ல விழற கீறலக் கூட பாலிஷ் போட்டு சரி பண்ணலாம், மேல பேனா குத்தினா அங்க இருந்த டேட்டா போனது போனதுதான். டிவிடில இந்தப் பிரச்சினை கம்மி, ஏன்னா அது 0.6 மிமீ தட்டு ரெண்ட ஒட்டி செஞ்சது, டேட்டா நடுவுல மாட்டிட்டு பத்திரமா இருக்கும்.

சரி, இப்ப ஃபேக்டரி காப்பி. முதல்ல நல்லா பாலிஷ் போட்ட ஒரு கண்ணாடித் தட்டு மேல ஒளி பட்டா மாறற ஒரு கெமிக்கல பூசறாங்க. அது மேல லேசர வச்சு எங்கெங்க பள்ளம் வேணுமோ அங்க மட்டும் ஒளிய அடிச்சு, கழுவினா அடிச்ச இடம் எல்லாம் கரைஞ்சு பள்ளமா நிக்கும். அதுக்கு மேல மெல்லிசா ஒரு உலோகப் பூச்சு குடுத்து, அப்புறம் கரண்ட் மூலமா நிக்கல் முலாம் ஏத்தி ஏத்தி கெட்டியான ஒரு தகடா உரிச்சு எடுப்பாங்க, இதுல பள்ளம் எல்லாம் மேடா தலைகீழா இருக்கும். தொழில்ல இத ஃபாதர்னு சொல்வாங்க, இதுல இருந்து மதர், மதர்ல இருந்து ஸ்டாம்பர். கடைசில மெஷின்ல மாட்டறது அந்த ஸ்டாம்பரத்தான். உருக்கின பாலிகார்பனேட்ட ஸ்டாம்பர் மாட்டின அச்சுக்குள்ள அழுத்தமா செலுத்தி குளிர வச்சு எடுக்கறாங்க, அச்சு வெல்லம் ஊத்தற அதே கதைதான், பாகு உள்ள போகும், அச்சுல என்ன வடிவம் இருக்கோ அந்த வடிவத்துல வெளிய வரும். ஒரு தட்டுக்கு நாலஞ்சு செகண்ட். அப்புறம் ஒளி திரும்பி வர்றதுக்கு அலுமினியப் பூச்சு, அதுக்கு மேல லேக்கர், அதுக்கு மேல லேபிள் பிரிண்ட், வேலை முடிஞ்சது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா, ஒவ்வொரு தட்டுலயும் யாரும் டேட்டாவ எழுதவே இல்ல. 700 எம்பியும் பிளாஸ்டிக் ஆறும்போது ஒரே நேரத்துல, ஒரே அழுத்துல வந்துருது. அதனாலதான் லட்சம் காப்பி போட முடிஞ்சது. ஆனா அந்தக் கண்ணாடி மாஸ்டர், ஸ்டாம்பர் எல்லாம் செய்ய முதல்லயே நல்ல செலவு ஆகும், பத்து இருபது காப்பி வேணும்னு ஃபேக்டரிக்குப் போனா கட்டுப்படியே ஆகாது, நூத்துக்கணக்குல ஆயிரக்கணக்குல போட்டாத்தான் தட்டுக்கு ரேட் இறங்கும். விற்பனைக்குன்னு முதல் சிடிங்க இப்படி அச்சானது 1982 ஆகஸ்ட் 17, ஜெர்மனில ஹானோவர் பக்கத்துல லாங்கன்ஹாகன்ன்ற ஊர்ல. நம்ம ஊர்க்காரங்களுக்கு இன்னும் நல்லா ஞாபகம் இருக்கறது மோசர் பேயர் கம்பெனியா இருக்கும், 2007 வாக்குல ஒரிஜினல் பட விசிடிய 28 ரூபாய்க்குக் குடுத்தாங்களே அவங்கதான், அந்த விலைக்குக் குடுக்க முடிஞ்சதுக்குக் காரணமும் இந்த அச்சு முறைதான். அதே கம்பெனிதான் கடைல நாம வாங்கின வெறும் சிடியும் செஞ்சாங்க, 2018ல கம்பெனியே மூடற நிலைக்கு வந்துருச்சு.

அந்த வெறும் சிடிக்கு வருவோம், கடைக்காரர் காப்பி போட்டது அதுலதான். அதுக்குப் பேர் சிடி-ஆர், அதுல பள்ளமே கிடையாது. பிளாஸ்டிக்ல ஒரு வழுவழுப்பான சுருள் வாய்க்கால் மட்டும் முன்கூட்டியே அச்சாகி இருக்கும், அது மேல ஒரு சாயம், அதாவது டை, அதுக்கு மேல வெள்ளியோ தங்கமோ ஒரு பளபளப்பு லேயர். கீழ்ப்பக்கம் பச்சையா, நீலமா, இல்ல வெளிர் தங்கக் கலர்ல தெரியுதே, அது அந்த சாயமும் பின்னாடி இருக்கற உலோகமும் சேந்து காட்டற கலர். ரைட்டர்ல இருக்கற லேசர் படிக்கறப்ப ரொம்ப லேசா எரியும், எழுதறப்ப பவர பல மடங்கு ஏத்தும், அந்த சூட்டுல சாயம் அந்த இடத்துல மட்டும் சிதைஞ்சு மங்கிப் போயிடும். அப்புறம் ப்ளேயர் படிக்கும்போது அந்த இடத்துல ஒளி சரியா திரும்பாது, ப்ளேயர் அத பள்ளம்னே எடுத்துக்கும். ஒரு தடவ சிதைஞ்ச சாயம் பழைய நிலைக்குத் திரும்பாது, அதனாலதான் சிடி-ஆர்ல அழிச்சு எழுத முடியாது. அழிச்சு எழுதறதுக்குன்னே வந்த சிடி-ஆர்டபிள்யூல சாயத்துக்கு பதிலா ஒரு உலோகக் கலவை இருக்கும், சூடாக்கி எவ்வளவு வேகமா ஆற விடறோம்ன்றத வச்சு அது பளபளப்பாவும் மங்கலாவும் மாறிக்கிட்டே இருக்கும், அதனால திரும்பத் திரும்ப எழுதலாம். ஆனா அது ஒளியவே ரொம்பக் கம்மியாத்தான் திருப்பும், பழைய சிடி ப்ளேயர்ங்க ஆர்டபிள்யூ தட்ட எடுக்காம அடம்பிடிச்சதுக்கு இதான் காரணம்.

வெறும் தட்டுல எதுவுமே எழுதலயே, அப்ப லேசருக்கு எந்த இடத்துல இருக்கோம்னு எப்படித் தெரியும்? அந்த வாய்க்கால் நேரா போகாம ரொம்ப லேசா வளைஞ்சு வளைஞ்சு போகுது, கண்ணுக்குத் தெரியாத அளவு நெளிவு. அந்த நெளிவுக்குள்ளயே "இது இத்தனாவது நிமிஷம் இத்தனாவது செகண்ட்"னு அட்ரஸ் இருக்கும், தட்டு எவ்வளவு பெருசு, செஞ்சது யாருன்ற கோட் எல்லாமும் அதுலயே இருக்கும். ரைட்டர் அதப் படிச்சுக்கிட்டேதான் எழுதுது.

எழுத ஆரம்பிச்சா நிறுத்தக்கூடாதுன்றது பழைய காலத்துப் பெரிய தலைவலி. தட்டு சுத்திக்கிட்டே இருக்கு, லேசர் எழுதிக்கிட்டே போகுது, அந்த நேரம் கம்ப்யூட்டர் வேற வேலைல மாட்டி டேட்டா வர லேட் ஆச்சுன்னா எழுத எதுவும் இல்லாம அங்கயே அறுந்துரும், தட்டு வேஸ்ட். ரைட் ஆகும்போது மவுஸக் கூடத் தொடாதன்னு கம்ப்யூட்டர் சென்டர்ல சொன்னாங்கல்ல, அது இதுக்காகத்தான். 2000 வாக்குல சான்யோ கம்பெனி பர்ன்-ப்ரூஃப்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, டேட்டா தீர்றதுக்கு முன்னாடியே ரைட்டர் சரியான இடத்துல நிப்பாட்டிட்டு, மறுபடி டேட்டா வந்ததும் அந்த எடத்துல இருந்தே தொடரும். அதுக்கப்புறம் எல்லா ரைட்டர்லயும் ஏதோ ஒரு பேர்ல இது வந்துருச்சு.

கடைசில ஒரு வேலை இருக்கு, க்ளோஸ் பண்றது இல்ல ஃபைனலைஸ் பண்றதுன்னு சொல்வாங்க. தட்டோட ஆரம்பத்துல என்னென்ன எங்க இருக்குன்ற பட்டியலும், முடிவுல இதோட முடிஞ்சதுன்ற குறியும் எழுதி மூடறது. இத செய்யாம விட்டா எழுதின கம்ப்யூட்டர்ல ஓடும், மாமா வீட்டு டிவிடி ப்ளேயர்ல போட்டா "நோ டிஸ்க்"னு வரும். ஃபங்ஷன் வீட்டுக்கு டிவிடி குடுத்துட்டு அப்புறம் திட்டு வாங்கற பல கேஸ்ல தட்டுல குறையே இருக்காது, மூடாம விட்டதுதான்.

இப்ப முக்கியமான பகுதி, இத மட்டும் கொஞ்சம் நிதானமா படிங்க. சிடில ஒரு தூசி விழுந்தா கூட நூத்துக்கணக்கான பிட், அதாவது அந்த 1, 0 எல்லாம் மறைஞ்சிரும், அப்படி இருந்தும் பாட்டு தடங்கல் இல்லாம ஓடுது. எப்படின்னா டேட்டாவோட கூடவே அத சரிபாத்து திருத்தறதுக்கான கணக்கும் எழுதியிருக்காங்க. இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன்னு ரெண்டு பேர் 1960ல போட்ட கணக்கு அது. இன்னொரு வேலையும் செஞ்சிருக்காங்க, பக்கத்துப் பக்கத்து டேட்டாவ கலைச்சு தள்ளித் தள்ளி எழுதியிருக்காங்க, அதனால ஒரு இடம் மொத்தமா போனாலும் எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்தான் போகும், மிச்சத்த வச்சு கணக்குப் போட்டு முழுசா திருப்பி எடுத்துரலாம். கோட்டு வாக்குல சுமாரா ரெண்டரை மிமீ வரைக்கும் தொடர்ச்சியா போனாக் கூட சிடி ஒரு பிட் விடாம மீட்டுரும். தட்டத் துடைக்கும்போது நடுவுல இருந்து ஓரத்துக்கு நேரா துடைங்கன்னு சொல்றதும் இதனாலதான், குறுக்க விழுந்த கீறல் ஒவ்வொரு சுத்துலயும் துளிதான் மறைக்கும், வட்டமா துடைச்சு வட்டமா கீறல் விழுந்தா அது ஒரே கோட்டு மேலயே ஓடி ரெண்டரை மிமீய எல்லாம் எப்பவோ தாண்டிரும்.

இதுக்கும் காப்பிக்கும் என்ன சம்பந்தம்னா, டிரைவ் உங்க பழைய டிவிடிய படிக்கும்போது அதுல இருக்கற சின்னச் சின்ன சேதத்த எல்லாம் கணக்குப் போட்டு சரி பண்ணித்தான் வெளிய குடுக்குது. புதுத் தட்டுல எழுதும்போது திருத்தற கணக்கையும் புதுசா போட்டு எழுதுது. அதனால சேதம் காப்பிக்குப் போகாது. டேப் கேசட்ல காப்பிக்குக் காப்பி எடுக்க எடுக்க இரைச்சல் கூடிக்கிட்டே போகும், இங்க அப்படி இல்ல, பத்து வருஷம் பழசான டிவிடில இருந்து இன்னைக்கு எடுக்கற காப்பி, ஸ்டுடியோல இருந்து வந்த அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அச்சு அசலா அப்படியே இருக்கும். ஒரே ஒரு கண்டிஷன், சேதம் அந்தக் கணக்கால சமாளிக்கற அளவத் தாண்டறதுக்குள்ள எடுத்துரணும். அது தாண்டற வரைக்கும் படம் நல்லாத்தான் ஓடும், உள்ள எவ்வளவு அரிச்சிருக்குன்னு வெளிய தெரியவே தெரியாது, தாண்டின அன்னைக்கு திடீர்னு கட்டம் கட்டமா உடையும், முகூர்த்தம் வர்ற இடத்துல நிக்கும். "போன வருஷம் கூட நல்லா ஓடுச்சே"ன்னு எல்லாரும் சொல்றது பொய் இல்ல, நிஜமாவே ஓடியிருக்கும்.

ஃபேக்டரி தட்டுக்கு இந்த பயம் ரொம்பக் கம்மி, பள்ளம் பிளாஸ்டிக்லயே இருக்கு, அலுமினியத்துக்கு காத்து ஈரம் போகாம இருந்தா போதும். ரைட் பண்ண தட்டுல டேட்டாவே சாயம்தான், சாயம் வெயிலுக்கும் சூட்டுக்கும் வெளுக்கும். டிவி மேல, ஜன்னல் ஓரத்துல, மாடி ரூம் அட்டப்பெட்டில மே மாச சூட்டுல கிடந்த தட்டுன்னா இன்னும் மோசம். ஸ்டுடியோக்காரங்க குடுத்த கல்யாண டிவிடி எல்லாமே, அட்டகாசமா போட்டோ பிரிண்ட் பண்ணி பெட்டில வச்சுக் குடுத்தாலும், ரைட் பண்ண தட்டுதான். இருபது முப்பது காப்பிக்காக யாரும் ஃபேக்டரி போக மாட்டாங்க, டவர்னு ஒரு பெட்டி வச்சிருப்பாங்க, மேல ஒரு டிரைவ்ல மாஸ்டர் தட்ட மாட்டி கீழ இருக்கற ஏழு எட்டு டிரைவ்ல வெறும் தட்ட மாட்டி பட்டன அமுக்கினா கம்ப்யூட்டரே இல்லாம எல்லாத்துலயும் ஒரே நேரத்துல எழுதும்.

காப்பி எடுக்கற முறைக்கு வருவோம். ஃபைல இழுத்துப் போட்டா காப்பி ஆயிருச்சுன்னு நினைக்கறதுதான் பொதுவான குழப்பம். ஆடியோ சிடிய கம்ப்யூட்டர்ல திறந்தா ட்ராக்01.சிடிஏ, ட்ராக்02.சிடிஏன்னு வரிசையா ஒவ்வொண்ணும் 1 கேபினு காட்டும், அத பென்டிரைவ்ல போட்டுட்டுப் போய் கார்ல போட்டா ஒண்ணும் பாடாது. அதுக்குள்ள பாட்டே இல்ல, பாட்டு தட்டுல எங்க ஆரம்பிக்குதுன்ற குறிப்பு மட்டும்தான் இருக்கு. விசிடில எம்பெக்ஏவி ஃபோல்டருக்குள்ள ஏவிசீக்01.டாட்னு ஒரு ஃபைல் இருக்கும், அத எடுத்து கம்ப்யூட்டர்ல பாக்கலாம், ஆனா அப்படியே ஒரு டேட்டா சிடில எழுதினா அது விசிடி ஆகாது. தட்டுல டேட்டாவ துண்டு துண்டா பிரிச்சு வச்சிருக்கும், ஒரு துண்டுக்குப் பேர் செக்டர், அது 2352 பைட், ஆடியோ சிடி அது மொத்தத்தையும் பாட்டுக்கே குடுத்துரும், டேட்டா சிடி 2048 மட்டும் டேட்டாவுக்கு வச்சிட்டு மிச்சத்துல அட்ரஸும் கூடுதலா ஒரு திருத்தற கணக்கும் வைக்கும், விசிடி நடுவுல 2324. அதனாலதான் 700 எம்பி தட்டுல 800 எம்பி கிட்ட படம் வந்துச்சு.

அந்தக் கூடுதல் கணக்கு இருக்கறதும் இல்லாததும் காப்பி எடுக்கும்போது நல்லா தெரியும். டேட்டா சிடில மீட்க முடியாத இடம் வந்தா விண்டோஸ் "சைக்ளிக் ரிடன்டன்சி செக்"னு எர்ரர் போட்டு நின்னுரும். ஆடியோ சிடில நிக்காது, முன்னாடி இருக்கற சத்தத்தையும் பின்னாடி இருக்கறதையும் பாத்து நடுவுல ஒண்ண ஊகிச்சு போட்டுட்டுப் போயிரும், நீங்க எடுத்த காப்பில அந்த ஊகமும் பாட்டாவே ஏறிரும். கேட்டா கண்டுபிடிக்கறது கஷ்டம். அதனால பழைய பாட்டு சிடி, உங்க தாத்தா பாடினத ரெக்கார்ட் பண்ண சிடின்னா எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மாதிரி சாஃப்ட்வேர்ல எடுங்க, அது ஒரே இடத்த ரெண்டு தடவ படிச்சு ஒத்துப் பாக்கும், ஒத்துப்போகலன்னா திரும்பத் திரும்ப படிச்சு எது நம்பலாம்னு பாக்கும்.

டிவிடிக்கும் டேட்டா சிடிக்கும் நல்ல வழி இமேஜ் எடுக்கறது. தட்ட முதல் செக்டர்ல இருந்து கடைசி செக்டர் வரைக்கும் அப்படியே ஒரே ஃபைலா, ஐஎஸ்ஓ ஃபைலா ஹார்ட் டிஸ்க்ல எடுத்து வச்சுக்கறது. விண்டோஸ்ல இம்க்பர்ன்னு ஒரு சாஃப்ட்வேர் இலவசமாவே இதப் பண்ணும். மெனு, சாப்டர் எல்லாம் அப்படியே வரும், எப்ப வேணா வேற தட்டுல எழுதிக்கலாம், எழுதாமலே விஎல்சி ப்ளேயர் சாஃப்ட்வேர்ல திறந்து பாக்கலாம். ஒரு விஷயத்துல பயப்பட வேணாம், 4.7 ஜிபினு போட்ட டிவிடி கம்ப்யூட்டர்ல 4.38னுதான் காட்டும், கம்பெனி ஆயிரம் ஆயிரமா எண்ணுது, விண்டோஸ் 1024 ஆ எண்ணுது, எதுவும் குறையல. ஆனா படக் கம்பெனி டிவிடி பலது ரெண்டு லேயர், 8.5 ஜிபி, அத 4.7ல அடக்கறேன்னு சாஃப்ட்வேர் சொன்னா அது படத்த மறுபடி சுருக்குது, அதுக்குப் பேர் காப்பி கிடையாது. அந்த டிவிடிங்கள்ல பூட்டும் இருக்கும், சாவி தட்டோட ஆரம்பப் பகுதில இருக்கு, கடைல வாங்கற வெறும் டிவிடில அந்த இடத்துல எழுதவே முடியாத மாதிரி ஃபேக்டரிலயே அடைச்சு வச்சிருக்காங்க, அப்படியே எழுதினாலும் ஓடாது. அடுத்தவங்க படத்த காப்பி போட்டு விக்கறது சட்டப்படி குத்தம், அது இங்க பேச்சே இல்ல. உங்க வீட்டு டிவிடில எந்தப் பூட்டும் இருக்காது.

எழுதி முடிச்சதும் வெரிஃபைனு ஒரு டிக் இருக்கும், அத எடுத்துராதீங்க. நேரம் இன்னொரு மடங்கு ஆகும்தான், ஆனா எழுதினத மறுபடி படிச்சு ஒரிஜினலோட ஒத்துப் பாக்கறது அந்த ஒரு இடத்துலதான். ஸ்பீடும் ரொம்ப ஏத்த வேணாம், 16எக்ஸ் தட்டுன்னா 8எக்ஸ்ல எழுதுங்க, அதுக்காக ரொம்ப கம்மியாவும் போக வேணாம், தட்டும் டிரைவும் அந்த வேகத்துக்குன்னு செஞ்சது இல்ல.

எதுல ஆரம்பிக்கறதுன்னா, பேர் தெரியாத பிராண்ட்ல ரைட் பண்ணது, பழசு, இன்னொரு காப்பி யார்கிட்டயும் இல்லாதது, இது மூணும் சேந்த தட்டுதான் முதல்ல. கடைல வாங்கின பட டிவிடி, பாட்டு சிடி எல்லாம் கடைசிக்குப் போகட்டும். லேப்டாப்ல டிரைவ் இல்லன்னா யூஎஸ்பில மாட்டற டிவிடி ரைட்டர் இன்னும் கிடைக்குது. ஒரு டிரைவ்ல படிக்கலன்னா உடனே தூக்கிப் போட்டுராதீங்க, வேற டிரைவ்ல போட்டுப் பாருங்க, ஒரு லேசர் விட்டத இன்னொண்ணு எடுக்கும், இது நிஜமாவே அடிக்கடி நடக்கும். லினக்ஸ் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா டிடிரெஸ்க்யூன்ற சாஃப்ட்வேர்ல போடச் சொல்லுங்க, அது படிக்க முடிஞ்ச இடத்த எல்லாம் முதல்ல எடுத்துட்டு மோசமான இடத்துக்கு அப்புறமா திரும்பி வரும், முதல் டிரைவ்ல விட்டுப்போன செக்டர மட்டும் ரெண்டாவது டிரைவ்ல நிரப்பச் சொல்லலாம். எடுத்த ஐஎஸ்ஓவ ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல வைங்க, ஃபைல் பேர்ல விசேஷம், ஊர், வருஷம் மூணும் இருக்கட்டும், "நியூ டிவிடி 3"னு வச்சா பின்னாடி பிள்ளைங்களுக்கு அது யார் கல்யாணம்னே தெரியாது.